தலைசிறந்த அனிமேஷன் படம் எது? வேலூர் மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை இரவு, இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரையில் அனிமேஷன் படங்களைத் திரையிட்டு வருகிறோம். சித்திரை, வைகாசி மாதங்களில் தளத்தில் ஏறிய சூடு இறங்கவே இரவு எட்டரை ஆகிவிடும் என்பதால், தண்ணீர் தெளித்துப் பாய் விரித்த பிறகுதான் படம் தொடங்கும். காட்பாடியில் பொறியியல் படிக்கும் மாணவர்கள், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பர், ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், குடியாத்தத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் பெரியம்மா என்று இருபது பேர் வரை கூடுவோம். படம் முடிந்ததும் தொடங்கும் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், இதுவரை வந்த அனிமேஷன் படங்களில் எது தலைசிறந்தது என்ற இடத்துக்கே வந்து நிற்கிறது. புதிதாக வருபவர்களும் ஏறத்தாழ அதே கேள்விகளையே கேட்கிறார்கள். என் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். மாடியில் எல்லாரும் இவற்றை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று பொருளில்லை.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட விடை உண்டா?

ஒரே விடை இல்லை. ஆனால், துறையில் இருப்பவர்களிடமே கேட்டு எடுத்த வாக்கெடுப்புகள் சில உண்டு. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியை ஒட்டி நடந்த அனிமேஷன் விழாவில், ரஷ்யரான யூரி நார்ஸ்டைன் 1979இல் எடுத்த 'டேல் ஆஃப் டேல்ஸ்' முதலிடம் பெற்றது. 1994இல் அமெரிக்காவில் அனிமேஷன் துறையினர் ஆயிரம் பேரிடம் சிறந்த கார்ட்டூன் குறும்படங்களைக் கேட்டபோது, சக் ஜோன்ஸ் 1957இல் எடுத்த 'வாட்ஸ் ஓபரா, டாக்?' முதலில் வந்தது. 2003இல் டோக்கியோவில் நடந்த வாக்கெடுப்பில் நார்ஸ்டைனின் இன்னொரு படமான 'ஹெட்ஜ்ஹாக் இன் தி ஃபாக்' முதலிடத்தையும் 'டேல் ஆஃப் டேல்ஸ்' இரண்டாம் இடத்தையும் பிடித்தன. இவற்றில் எதுவுமே அரை மணி நேரத்தைத் தாண்டாத படம் என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுமக்கள் வாக்களிக்கும் பட்டியல்களில் 'ஸ்பிரிட்டட் அவே', 'தி லயன் கிங்', 'டாய் ஸ்டோரி' ஆகியவை மேலே நிற்கின்றன. வரைபவர்கள் ஒன்றையும் பார்ப்பவர்கள் வேறொன்றையும் சொல்கிறார்கள் என்றால், இரு தரப்பும் எதை வைத்து அளக்கிறார்கள் என்று முதலில் கேட்டாக வேண்டும்.

அனிமேஷன் என்பது குழந்தைகளுக்கான படம்தானே?

அல்ல. ஈரானில் வளர்ந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் 'பெர்செபோலிஸ்' (2007), லெபனான் போரில் கலந்துகொண்ட ஒரு படைவீரனின் மறந்துபோன நினைவுகளைத் தேடும் 'வால்ட்ஸ் வித் பஷீர்' (2008), ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி வந்தவரின் கதையான 'ஃப்ளீ' (2021) ஆகியவற்றைப் பார்த்தவர்கள் இக்கேள்வியை மறுமுறை கேட்பதில்லை. 'ஃப்ளீ' ஒரே ஆண்டில் ஆவணப்படம், அனிமேஷன், பிறநாட்டுப் படம் என்ற மூன்று பிரிவுகளிலும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது?

என் அளவுகோல் ஒன்றுதான்: படத்தின் உயிரான இடத்தில் அசைவே பொருளைச் சுமக்க வேண்டும். அதே காட்சியை நடிகர்களை வைத்துக் கேமராவில் எடுத்தால் உயிர் போய்விடுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். போகாது என்றால், அது நல்ல கதையாகவும் நல்ல படமாகவும் இருக்கலாம்; தலைசிறந்த அனிமேஷன் படம் என்று சொல்லத் தயங்குவேன்.

'தி லயன் கிங்' படத்தை எடுத்துக்கொள்வோம். 1994இல் கையால் வரைந்த படம் வந்தது. 2019இல் அதே கதையைக் கணினியில், பார்ப்பதற்கு நிஜச் சிங்கம் போலவே உருவாக்கினார்கள். இரண்டாவது படத்தில் ஒரே ஒரு ஷாட் மட்டும்தான் உண்மையான கேமராவில் எடுக்கப்பட்டது என்பதால் அதுவும் அனிமேஷன்தான். எங்கள் மாடியில் இரண்டிலிருந்தும், சிங்கக்குட்டி சிம்பாவின் அப்பா முஃபாசா இறந்து கிடக்கும் காட்சியை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். வரைந்த சிம்பாவின் புருவம் நடுவில் உயர்ந்து, கண்ணின் கீழ் இமை நடுங்கி, காது தலையோடு ஒட்டிக்கொள்கிறது. நிஜச் சிங்கத்துக்கு அப்படிப்பட்ட புருவம் கிடையாது. ஆகவே நிஜம் போன்ற சிம்பாவின் குரல் மட்டும் அழுகிறது, முகம் அழவில்லை. தொழில்நுட்பம் இருபத்தைந்து ஆண்டுகள் முன்னேறியும் துயரம் முகத்தை எட்டாமல் போனதற்கு, நிஜத்தைப் போலச் செய்ய வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுதான் காரணம்.

வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. 1989இல் மாவட்டம் பிரிக்கப்படும் முன் எங்களோடு இருந்த செய்யாறு பக்கத்தில்தான், கூத்துப் பரம்பரைக்குப் பேர்போன புரிசை இருக்கிறது. அந்தப் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்குச் சிறுவயதில் தாத்தாவோடு போயிருக்கிறேன். இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடித்திருக்க, அதன் மேல் விளிம்பில் முதலில் கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும்; கீழே சலங்கை கட்டிய கால் தெரியும்; கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த புஜக்கட்டை விளக்கொளியில் மினுங்கும். திரை விலகியதும் துரியோதனன் ஒரு சுழற்சி சுழன்று நிற்பான். அந்தச் சுழற்சியிலேயே அவனுடைய ஆணவம் முழுவதும் வந்துவிடும். உலகத்தில் எந்த அரசனும் அப்படி இருந்ததில்லை என்று யாரும் எழுந்து போனதில்லை. விடியற்காலைப் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய மாபெரும் துரியோதனன் உருவத்தைப் பார்த்துப் பெண்கள் கண் கலங்குவதையும் கண்டிருக்கிறேன். உருவத்தை மிகைப்படுத்தி உண்மையைச் சொல்வது எப்படி என்று கூத்து எனக்குச் சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டுதான் அனிமேஷனையும் பார்க்கிறேன்.

உங்கள் முதலிடம் எந்தப் படத்துக்கு?

இசாவோ தகஹாட்டா இயக்கி 2013இல் வெளியான 'தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் ககுயா' என்ற ஜப்பானியப் படத்துக்கு. மூங்கில் வெட்டும் கிழவர் ஒருவர், ஒளிரும் மூங்கிலுக்குள் கையளவு பெண் குழந்தையைக் கண்டெடுக்கிறார். மூங்கிலைப் போலவே மளமளவென்று வளரும் அவளுக்கு ஊர்ப் பிள்ளைகளோடு ஓடித் திரிவதே இன்பம். அதே மூங்கிலிலிருந்து பொன்னும் பட்டும் கிடைக்கத் தொடங்கவே, இவளை இளவரசியாக்க வேண்டும் என்பதுதான் தெய்வத்தின் விருப்பம் என்று நம்பித் தந்தை அவளைத் தலைநகருக்கு அழைத்துச் செல்கிறார். ஜப்பானின் மிகப் பழைய கதைகளில் ஒன்றை அடிப்படையாகக் கொண்ட இப்படம் 137 நிமிடம் ஓடுகிறது.

வழக்கமான அனிமேஷனில், கலைஞர் முதலில் கிறுக்கலாக வரைந்ததை வேறொருவர் சுத்தமான ஒற்றைக் கோடாக்கி, உள்ளே வண்ணம் நிரப்புவார். தகஹாட்டா அந்தக் கிறுக்கலை அழிக்க விடவில்லை. கரிக்கோடும் நீர்த்த வண்ணமுமாக, ஓரங்களில் வண்ணமே தொடாத வெள்ளைத் தாள் தெரியும்படி படம் முழுவதும் நிற்கிறது.

பெயர் சூட்டும் விருந்தில், திரைக்குப் பின்னால் பொம்மைபோல் உட்காரவைக்கப்பட்ட ககுயா, குடித்த ஆண்கள் தன்னைப் பற்றி ஏளனமாகப் பேசுவதைக் கேட்கிறாள். அவள் கையிலிருந்த சிப்பி நொறுங்குகிறது. அடுத்த நொடி கதவுகளைத் தெறிக்கவிட்டு ஓடத் தொடங்குகிறாள். அடுக்கடுக்காக உடுத்திய பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வீதியில் விழ, அதுவரை மென்மையாக இருந்த கோடுகள் தடித்துக் கறுத்துக் கீறல்களாகின்றன. வானத்தில் நிலவும் தரையில் கீறலும் தவிர வேறெதுவும் இல்லை. எங்கள் ஓவிய ஆசிரியர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிரேமில், அதாவது அசையாத அந்த ஒற்றைப் படத்தில், பெண்ணே இல்லை. பத்துப் பதினைந்து கரிக்கோடுகள், நடுவில் சிவப்புத் துணியின் ஒரு தீற்றல், அவ்வளவுதான். ஓடவிட்டால் பெண் தெரிந்தாள். மூன்று முறை நிறுத்தியும் ஓட்டியும் பார்த்தார். பிறகு, சப்டைட்டிலில் ஒரு சொல்லும் படிக்காத என் பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பொண்ணு ஓடறா மாரி இல்லடா, கோவம் ஓடறா மாரி கீது." இப்படத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை. உலகின் எந்த நடிகையை ஓடவைத்தாலும் கோபம் அவளோடு சேர்ந்து ஓடும். கோபம் மட்டும் தனியே ஓடுவதைக் கோட்டினால்தான் காட்ட முடியும்.

தகஹாட்டா தாமே வரைபவர் அல்லர், இயக்குநர் மட்டுமே. தம் முந்தைய படத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 78ஆம் வயதில் இதை வெளியிட்டார். ஜப்பானில் போட்ட பணம் திரும்பவில்லை. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் விருது கிடைக்கவில்லை. 2018இல் அவர் காலமானார். இதுவே அவர் இயக்கிய கடைசிப் படம்.

அதே இயக்குநரின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' அதைவிடச் சிறந்தது அல்லவா?

மாடியில் மிக நீண்ட வாதம் இதைப் பற்றித்தான் நடந்தது, இன்னும் முடியவில்லை. 1945இல் கோபே நகரின் மீது குண்டு மழை பொழிந்தபின், பதினான்கு வயது அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பசியோடு போராடும் கதை அது. படம் முடிந்தபோது யாரும் விளக்கைப் போட எழவில்லை. மாத்திரை மிட்டாய் தீர்ந்துபோன தகரப் பெட்டியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தங்கைக்குக் கொடுக்கும் காட்சியைக் கண்ட பக்கத்து வீட்டு அக்கா, மறுநாள் காலை வரை சரியாகப் பேசவில்லை.

இது நடிகர்களை வைத்தும் எடுக்கக்கூடிய கதை, அப்படி 2005இலும் 2008இலும் எடுத்தும் இருக்கிறார்கள், ஆகவே என் அளவுகோலின்படி ககுயாவுக்கு ஒரு படி கீழேதான் என்று நான் வாதிட்டேன். அதற்கு மாணவி ஒருவர், "அண்ணா, நாலு வயசுக் குழந்தையைப் பட்டினி போட்டு எந்த இயக்குநரும் படம் எடுக்க முடியாது, நடிக்கச் சொன்னாலும் அந்தக் குழந்தைக்குப் பசி என்னவென்று தெரியாது. அந்த மெலிவை வரைந்துதான் காட்ட முடியும்," என்றார். இதற்கு நிறைவான மறுமொழி என்னிடம் இல்லை. தங்கை செட்சுகோ மண்ணை உருட்டிச் சோற்றுருண்டை என்று நீட்டும்போது அவள் கையும் கண்ணும் அசையும் விதத்தைப் பார்த்தால், வரைந்தவர்கள் எத்தனை குழந்தைகளை எவ்வளவு காலம் உற்று நோக்கியிருப்பார்கள் என்று வியக்கத் தோன்றுகிறது. என் பட்டியலில் இப்போது இரண்டாம் இடம். வாதம் தொடர்கிறது.

மியாசாகியின் படங்களுக்கு எந்த இடம்?

1988ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று, 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படமும் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' படமும் ஜப்பானியத் திரையரங்குகளில் ஒரே டிக்கெட்டில் சேர்ந்து வெளியாயின. ஜூலையில் கட்சுஹிரோ ஓட்டோமோவின் 'அகிரா' வந்தது. அமெரிக்காவில் நிஜ நடிகரும் கார்ட்டூன் முயலும் சேர்ந்து நடித்த 'ஹூ ஃப்ரேம்டு ராஜர் ராபிட்' படமும் அதே ஆண்டுதான். ஒரே ஆண்டில் இத்தனை வலுவான படங்கள் வந்தது அனிமேஷன் வரலாற்றில் அரிது.

பெரும்பாலோர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) படத்தைத்தான் முன்வைக்கிறார்கள். பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியும் பிறகு ஆஸ்கரும் பெற்ற அப்படத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீர் மூடிய தண்டவாளத்தில் ரயில் போகும் காட்சி ஒன்றே போதும். இருந்தாலும் எனக்கு 'டோட்டோரோ'தான் நெருக்கம். இரவு மழையில், தூங்கும் தங்கையை முதுகில் சுமந்தபடி அப்பாவின் பேருந்துக்காகக் காத்திருக்கிறாள் சாட்சுகி. பக்கத்தில் மலைபோன்ற உருவமான டோட்டோரோ வந்து நிற்கிறது. அவள் குடை கொடுக்கிறாள். மரத்திலிருந்து பெரிய துளிகள் குடைமேல் விழும் சத்தம் பிடித்துப்போய், டோட்டோரோ எம்பிக் குதித்து மரத்தை உலுக்க, துளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. கதை ஓர் அங்குலமும் நகராத அந்த நிமிடங்களில், மழைக்குக் காத்துக் கிடக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கைதட்டலுக்கும் அடுத்த கைதட்டலுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைத்தான் ஜப்பானிய மொழியில் 'மா' என்கிறோம், அது இல்லாவிட்டால் வெறும் பரபரப்புதான் மிஞ்சும் என்ற பொருளில் மியாசாகி ஒரு பேட்டியில் விளக்கியிருக்கிறார். அந்தப் பேருந்து நிறுத்தம் முழுவதும் 'மா'தான்.

முதலில் வந்தது 'ஸ்னோ வொயிட்' என்பதால் அதற்கே முதலிடம் தர வேண்டாமா?

முதலில் வந்ததும் அதுவல்ல. இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது, ஜெர்மனியில் லோட்டே ரெய்னிகர் என்ற பெண்மணி மூன்றாண்டுகள் உழைத்து 1926இல் வெளியிட்ட 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் பிரின்ஸ் அக்மெட்'. அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரித்து, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கண்ணாடிமேல் கிடத்திக் கீழிருந்து ஒளி பாய்ச்சி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எடுத்த நிழலுருவப் படம். தோல்பாவைக்கூத்தை அறிந்த நமக்கு அது அயலாகத் தெரிவதில்லை. ராணிப்பேட்டை நண்பர் வேட்டித் திரைக்கு மிக அருகில் போய் உட்கார்ந்து, இளவரசனின் முழங்கை எந்த இடத்தில் இணைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தோலைக் கத்தியால் அரிந்து பழகிய கண்ணுக்கு, அந்தப் பெண்மணியின் கத்தரிக்கோல் எங்கே திரும்பியிருக்கிறது என்பதுகூடத் தெரிகிறது.

1937 டிசம்பர் 21 அன்று முதலில் திரையிடப்பட்ட 'ஸ்னோ வொயிட் அண்ட் தி செவன் ட்வார்ஃப்ஸ்', ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் மக்கள் கார்ட்டூனைப் பார்ப்பார்களா என்ற சந்தேகத்தை உடைத்தது. வால்ட் டிஸ்னிக்கு ஒரு பெரிய சிலையும் ஏழு குட்டிச் சிலைகளுமாகச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் காலத்து டிஸ்னி படங்களில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், நான் 1940இல் வந்த 'பினோக்கியோ'வை எடுப்பேன். மரப்பொம்மை மரமாக அசைவதும், பொய் சொல்லும் மூக்கு கிளைவிட்டு இலைவிட்டுப் பறவைக்கூடு தாங்குவதும், கெட்ட சகவாசத்தில் விழுந்த பையன் கண் முன்னே கழுதையாக மாறி "அம்மா" என்று கத்துவதும் வரைந்தால் மட்டுமே இயலும் காரியங்கள்.

பத்து நிமிடக் குறும்படத்தை முழுநீளப் படத்தோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம் என்பேன்; குறளை நீளம் பார்த்து யாரும் ஒதுக்கவில்லையே. நார்ஸ்டைன் 1975இல் எடுத்த 'ஹெட்ஜ்ஹாக் இன் தி ஃபாக்' படத்தில், நண்பன் கரடிக்குட்டியோடு சேர்ந்து நட்சத்திரம் எண்ணுவதற்காகப் பழப்பாகு எடுத்துக்கொண்டு போகும் முள்ளெலி, பனிமூட்டத்துக்குள் வெள்ளைக் குதிரையைக் கண்டு, குதிரை படுத்துத் தூங்கினால் மூச்சு முட்டுமோ என்று கவலைப்பட்டு உள்ளே இறங்கி வழி தவறிவிடுகிறது. அந்தப் பனிமூட்டத்தை உருவாக்க நார்ஸ்டைன் செய்தது, மிக மெல்லிய தாளொன்றை உருவங்களின் மேல் பரப்பி, ஒவ்வொரு பிரேமுக்கும் கேமராவை நோக்கிச் சிறிது சிறிதாக உயர்த்தியதுதான். மார்கழிக் காலையில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு, எதிரே வரும் ஆள் முதலில் கறையாகவும் பிறகு உருவமாகவும் தெரிவது பழக்கமான காட்சி. ஒரு தாளால் அதைக் கொண்டுவந்திருக்கிறார்.

'டேல் ஆஃப் டேல்ஸ்' இன்னும் ஆழமானது. விளக்குக் கம்பத்தின் கீழ் ஆணும் பெண்ணும் ஜோடி ஜோடியாக நடனமாடிக்கொண்டிருக்க, இசைத்தட்டு தடுக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆண் மறைந்துபோகிறான். பெண்கள் காற்றை அணைத்தபடி நிற்கிறார்கள். போர் என்ற சொல்லே தேவைப்படவில்லை. என் பட்டியலில் மூன்றாமிடம் இதற்கு.

கணினியில் செய்த படங்களை நீங்கள் மதிப்பதில்லையா?

மதிக்கிறேன், முன்பு குறைவாக மதித்தேன், அது என் தவறு. முழுக்க முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி' (1995) நின்றது கணினியால் அல்ல. 1993 நவம்பரில் தயாரிப்பாளர்களுக்குப் போட்டுக் காட்டிய ஆரம்ப வடிவத்தில் வுட்டி பொம்மை யாருக்கும் பிடிக்காத கொடுமைக்காரனாக இருந்ததால் வேலையே நிறுத்தப்பட்டு, கதை மறுபடி எழுதப்பட்டது.

என் எண்ணத்தை மாற்றியது 2018இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டூ தி ஸ்பைடர்-வெர்ஸ்'. நொடிக்கு 24 பிரேம் என்பது சினிமாவின் பொது வழக்கு. ஒவ்வொரு பிரேமுக்கும் புதிய நிலை வைத்தால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஒரே நிலையை இரண்டு பிரேமுக்கு வைத்தால், நொடிக்குப் பன்னிரண்டு நிலைகளாகிச் சற்றுத் துள்ளலாகத் தெரியும். காட்டில் தப்பி ஓடும் காட்சியில், அனுபவமுள்ள ஸ்பைடர்-மேனான பீட்டர் 24 நிலைகளிலும், கற்றுக்குட்டி ஸ்பைடர்-மேனான சிறுவன் மைல்ஸ் பன்னிரண்டிலும் அசைகிறார்கள் என்று ஒரு மாணவர் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திக் காட்டினார். பையனின் தடுமாற்றத்தை வசனத்தில் சொல்லாமல் அசைவின் எண்ணிக்கையிலேயே வைத்திருக்கிறார்கள். என் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நானே தேடியிருந்தாலும் கண்டிருக்க மாட்டேன்.

அதிக உழைப்பில் உருவானதைச் சிறந்தது என்று சொல்லலாமா?

உழைப்பை வணங்க வேண்டும். அதை வைத்து வரிசைப்படுத்த முடியாது. 'லவிங் வின்சென்ட்' (2017) படத்துக்காக ஏறத்தாழ 65,000 பிரேம்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார்கள். பார்க்கத் திகைப்பாக இருக்கிறது. ஆயினும் பல இடங்களில் முன்பே நடிகர்களை வைத்து எடுத்த காட்சியின் மேல் ஓவியம் அமர்ந்திருப்பதைக் கண் கண்டுகொள்கிறது.

ஆஸ்கர் பெற்ற படங்களிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதாதா?

போதாது. முழுநீள அனிமேஷனுக்கு என்று தனி ஆஸ்கர் 2002இல்தான் தொடங்கியது; முதலில் பெற்றது 'ஷ்ரெக்'. அதற்கு முந்தைய எழுபத்தைந்து ஆண்டுப் படங்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

தமிழிலும் இந்தியாவிலும் இந்தப் பட்டியலில் சேர்க்கத்தக்க படம் இல்லையா?

இக்கேள்வி எழும்போதெல்லாம் மாடியில் குரல் உயரும், ரஜினி ரசிகர்கள் ஐந்தாறு பேர் உண்டு என்பதால். 1989இல் 'ராஜா சின்ன ரோஜா' படத்தில் ரஜினியோடு கார்ட்டூன் விலங்குகள் ஆடிய பாட்டைத் திரையரங்கில் பார்த்த தலைமுறை நான். அன்று எங்களுக்கு அது பெரிய அதிசயம். 2000ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்த பென்டாமீடியா நிறுவனம் முழுநீளக் கணினிப் படங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது என்பதைச் சொன்னால் இன்றைய மாணவர்கள் நம்புவதில்லை.

2014இல் வந்த 'கோச்சடையான்' நடிகரின் அசைவுகளைப் பதிவுசெய்து உருவத்துக்கு ஏற்றும் முறையில் எடுக்கப்பட்டது. அம்முறையை மட்டும் வைத்து ஒரு படத்தை அனிமேஷன் என்று ஏற்பதில்லை என்பது ஆஸ்கர் அகாதமியின் விதி. என் குறை விதியைப் பற்றியதல்ல. ரஜினியின் சிறப்பே கண்ணிமைக்கும் நேரத்தில் மாறும் முகமும் கைவீச்சும்தான். அவற்றைப் பதிவுசெய்து திருப்பித் தருவதைவிட, ஒரு நல்ல கலைஞர் அவற்றை மிகைப்படுத்தி வரைந்திருந்தால் எவ்வளவு உயிரோடு இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு. முயற்சி பெரிது, துணிவும் பெரிது.

இந்தியக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஜப்பானியரான யூகோ சாகோவும் நம் நாட்டு அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கி 1993இல் இந்தியாவில் முதலில் திரையிடப்பட்ட 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. அதில் கும்பகர்ணன் எழும் காட்சியில் உருவத்தின் எடை தெரிகிறது. அதே ஆண்டு ஜூலையில் வந்த 'மகாவதார் நரசிம்மா' இந்திய அனிமேஷனில் இதுவரை இல்லாத வசூலைக் கண்டது. இரணியன் கூத்தைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் பேரப்பிள்ளைகளோடு போய்ப் பார்த்தார்கள். கூட்டம் உண்டு, கதை உண்டு, வரையத் தெரிந்த பிள்ளைகளும் உண்டு. கூத்தின் சுழற்சியையும் முகவண்ணத்தையும் அறிந்த ஒருவர் இயக்கும் தமிழ்ப் படம் மட்டும் இன்னும் வரவில்லை. வந்தால் அதை முதல் நாளே பார்ப்பேன்.

தமிழ் டப்பிங்கில் பார்ப்பதா, மூலக் குரலில் சப்டைட்டிலோடு பார்ப்பதா?

படத்தைப் பொறுத்தது. அமெரிக்கப் படங்களில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவுசெய்து, அதற்கேற்ப வாயை வரைகிறார்கள். ஜப்பானில் பெரும்பாலும் படத்தை வரைந்த பிறகே குரல் சேர்க்கிறார்கள். ஆகவே ஜப்பானியப் படத்தை வேறு மொழியில் பேசவைத்தால் வாயசைவு அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. 2019 'தி லயன் கிங்' தமிழ் வடிவில் ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் பும்பாவுக்கும் டிமோனுக்கும் பேசியது, மூலத்தைவிட எங்கள் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தது.

டப்பிங் இல்லாத படங்களுக்கு மாடியில் ஒரு வழி வைத்திருக்கிறோம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஆங்கில சப்டைட்டிலை அவ்வப்போது தமிழில் சொல்வார். கூத்தில் கட்டியங்காரன் வந்து நிற்பதைப்போல என்று பெரியம்மா அந்தப் பையனுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். எல்லா வசனத்தையும் சொல்லக் கூடாது என்பதுதான் அவனுக்கு நாங்கள் விதித்த ஒரே கட்டளை.

பத்து வயதுப் பிள்ளையோடு எதிலிருந்து தொடங்கலாம்?

'டோட்டோரோ'விலிருந்து தொடங்குங்கள், 86 நிமிடம்தான். அடுத்து 'பினோக்கியோ', பிறகு 'ஹெட்ஜ்ஹாக் இன் தி ஃபாக்', ஓரளவு பொறுமை வந்ததும் 'ககுயா'. 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்தைப் பதினான்கு வயதுக்கு முன் காட்ட வேண்டாம். காட்டும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எந்தப் படமானாலும் ஒரு காட்சியையாவது நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்திக் காட்டுங்கள். 'டோட்டோரோ'வில் பூனைப் பேருந்து வரும் காட்சியை அப்படிக் காட்டியபின், எங்கள் எதிர்வீட்டுச் சிறுமி தன் கணக்கு நோட்டின் ஓரத்தில் நாற்பது பக்கங்களுக்கு ஓடும் பூனையை வரைந்து கொண்டுவந்தாள். கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டால் பூனை ஓடியது. பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் வால் காணாமல் போய், பதின்மூன்றாம் பக்கத்தில் திரும்பி வந்தது. ஓவிய ஆசிரியர் பென்சிலை அவளிடமே கொடுத்து, முந்தைய பக்கத்து வாலையும் பிந்தைய பக்கத்து வாலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நடுவே ஒன்றை வரையச் சொன்னார். வரைந்தாள். இப்போது அந்தப் பூனை நிற்காமல் ஓடுகிறது.